இரண்டு பெண்களுக்கும் பொது

திருவண்ணாமலை,
ஆவணி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தாட்சா அக்காவுக்கு, ஹைமவதி நமஸ்காரத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே மழை விட்டதா? இளவரசன் அத்திம்பேருக்கு இருமல் நின்றதா?

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சித்தப்பா போன அன்று பேசியபோது இரண்டு பேரும் அழுததுதான் மிச்சம். அதனால் எழுதுகிறேன்.

காரியங்கள் குறைவில்லாமல் நடந்தன. சித்தப்பாவுக்குப் பிள்ளை இல்லையே, கைலாஷ் அண்ணாதான் எல்லாம் செய்தான். கோயிலில் சித்தப்பாவின் பூஜை முறையையும் இப்போது அப்பாவே பார்க்கிறார். பௌர்ணமிக் கூட்டத்தில் நின்று நின்று கால் வீங்கிவிட்டது. சொன்னால் கேட்பதில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கம்மி.

சித்தப்பாவின் தகரப் பெட்டி உனக்கு நினைவிருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் தீபாராதனைத் தட்டில் போடும் காசை எந்த பேங்கிலும் மாற்ற முடியாது. மற்ற குருக்கள்மார் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடுவார்கள். சித்தப்பா மட்டும் துடைத்து, எந்த தேசம் என்று விசாரித்து, உறையில் போட்டு வைப்பார். ஸ்டாம்புகள் தனி ஆல்பத்தில். அதில் முக்கால்வாசி நீ அனுப்பியவை. வாட்ஸ்அப்பில் ஸ்டாம்பு வருமா என்று கேட்டே உன்னைக் கடிதம் எழுத வைத்தாரே!

அம்மா இப்போதுதான் ஒன்று சொன்னாள். உன் கவரிலிருந்து ஸ்டாம்பை நீரில் ஊறவைத்து எடுத்து, கூடத்தில் பேப்பர் மேல் காயப்போடுவார் சித்தப்பா. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அப்பா அவை பறக்காதபடி மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போவாராம்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நினைவு இருந்தபோது, அப்பாவை வைத்துக்கொண்டே சித்தப்பா சொன்னார்: "பெட்டி ரெண்டு பொண்ணுகளுக்கும் பொது. ரெண்டு பேரும் எதிர்ல உக்காந்துதான் பிரிக்கணும்." அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உன் பேச்சு வந்தால் அவர் அப்படித்தானே.

போன வாரம் அண்ணா, பழைய காசு வாங்குகிற ஒருவரை வேலூரிலிருந்து அழைத்து வந்தான். அவர் எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தார். சித்தப்பா எங்கிருந்தோ வாங்கிச் சேர்த்திருந்த ஆற்காட்டு நவாப் காலத்துச் செப்புக்காசுகளை ஆசையாக ஒதுக்கினார். ஆல்பத்தை, "எல்லாம் புது ஸ்டாம்புங்க, யாரும் வாங்க மாட்டாங்க" என்று தள்ளி வைத்தார்.

அதுவரை ஊஞ்சலில் கண்ணை மூடியிருந்த அப்பா எழுந்து வந்து தரையில் உட்கார்ந்தார். ஆல்பத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தப்பா நினைச்சுக்காதீங்கோ. இன்னொருத்தி வராம இதுல எதையும் கொடுக்கறதுக்கில்லை" என்றார். அவளைப் போனில் கேட்டுக்கொள்ளலாமே என்று அண்ணா சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

வந்தவர் சாதாரணமாகத்தான் கேட்டார், "அந்தப் பொண்ணு எங்க இருக்காங்க சாமி?" என்று.

"தாட்சாயிணி. அயர்லாந்துல இருக்கா."

அக்கா, நீ அத்திம்பேரோடு போன பிறகு இந்த வீட்டில் அப்பா வாயால் உன் பெயர் வந்தது அன்றுதான். சமையலறையில் அம்மா தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு கருகியது.

மறுநாள் பூஜை முடித்து வந்த அப்பா என்னிடம், அங்கிருந்து வருவதற்கு டிக்கெட் எவ்வளவு முன்னால் எடுக்க வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் பொறுத்து, "அவருக்கும் லீவு கிடைக்குமான்னு கேட்டு எழுது" என்றார். அவருக்கு என்றுதான் சொன்னார் அக்கா. அவனுக்கு என்று சொல்லவில்லை.

காசும் ஸ்டாம்பும் எனக்கு எதற்கு? எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள். ஆனால் வந்து எடுத்துக்கொள். தபாலில் அனுப்பு என்று மட்டும் எழுதிவிடாதே. பழையதைப் பேசி யாராவது உங்களை நோகடித்துவிடுவார்களோ என்று நீ பயப்படுவது எனக்குத் தெரியும். ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். இரண்டு பேரோடும் நானே வாசற்படி ஏறுகிறேன்.

எழுதி முடித்ததும், கீழே உங்கள் ஆசீர்வாதம் என்று போடட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேனாவை மூடப் போனேன், இன்னும் அங்கேயே நிற்கிறார்.

அதனால் போடுகிறேன்.

உங்கள் இருவருக்கும் அப்பா, அம்மா ஆசீர்வாதம்.

உன் தங்கை,
ஹைமா