பிறந்த வீட்டுக் கோடி

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்பு மகள் செந்தமிழ்ச்செல்விக்கு அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அங்கே லியோனில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். எட்டாம் மாதத்தில் விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னது சரிதான், அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லையே என்று அழுதுகொண்டே இருக்காதே. இந்தப் பார்சலில் அவள் உடுத்திப் பழசான வாயில் துணிப் புடவை இரண்டு இருக்கிறது, பிறந்த பிள்ளையை முதலில் பழந்துணியில்தான் வாங்க வேண்டும் என்று அவளே துவைத்து மடித்து வைத்தது. ஒன்றில் தூளி கட்டு, மற்றதைக் கிழித்துக்கொள்.

போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் கடிதம். உன் கல்யாணத்துக்கு நான் நேரில் போய் அழைக்காமல் ஆள் மூலம் பத்திரிகை அனுப்பினேன் என்று காலாப்பட்டு மாமா கலைவாணன் வராமல் இருந்துவிட்டான் இல்லையா, ஏழு வருஷமாகப் பேச்சில்லை. ஆஸ்பத்திரியில் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், தன் மேல் முதலில் விழுவது தம்பி போடும் கோடிப் புடவையாக இருக்க வேண்டும் என்று. நானும் தலையாட்டினேன். அவள் போன அன்றைக்கு அவன் புடவையோடு வாசலில் வந்து நின்றான், எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ, "உசுரோட இருந்தப்ப எட்டிப் பாக்கல, இப்ப துணி எடுத்துக்கினு வந்துட்டியா" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.  அவன் புடவைப் பையைக் கையில் பிடித்தபடி சுடுகாடு வரைக்கும் கடைசி ஆளாக நடந்து வந்து அப்படியே திரும்பிப் போனான். பிறந்த வீட்டுத் துணி இல்லாமலே உன் அம்மாவை அனுப்பிவிட்டேனம்மா, பாவி நான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பஸ் ஏறிக் காலாப்பட்டு போனேன். செத்தவருக்கு எடுத்த கோடியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது, வேறு யாரும் உடுத்தவும் கூடாது, தூக்கிப் போடவும் அவனுக்கு மனசு வரவில்லை, தோட்டத்து வேப்பமரக் கிளையில் பையோடு கட்டி வைத்திருந்தான். நான் கேட்டதும் அவிழ்த்துக் கொடுத்தான். அம்மாவுக்குப் பிடித்த அரக்கு நிறம். இரண்டு பேரும் மரத்தடியிலேயே நின்று அழுதோம்.

மாமாவுக்கு நீ ஒரு போன் செய், கோபமெல்லாம் என்னோடு போகட்டும். நல்லபடியாகப் பிள்ளை பெற்று எழுந்திரு, அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உனக்கு உண்டு. இன்னொன்று, மறந்துவிடாதே. அந்தக் கோடி நம் மொட்டை மாடிக் கொட்டகையில் அதே பையில் இருக்கிறது. என் காலம் முடிகிற அன்று அதை என் மேல் போடச் சொல். ஆம்பளைக்குப் புடவையா என்று யார் கேட்டாலும் கேட்கட்டும், நானே கொண்டுபோய் அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

உன் அப்பா
கிருஷ்ணசாமி