சாத்திய ஜன்னல்களின் பச்சை

மே 4
அருங்காட்சியகமாகிவிட்ட மாளிகையின் மாடியில், ஒரு காலத்தில் அங்கே வாழ்ந்த அம்மாள் படுத்துறங்கிய அறை. கத்தி முனையால் பூச்சு பூச்சாகச் சுரண்டி, இன்று அவள் காலத்து அடிப்பூச்சைத் தொட்டுவிட்டேன். உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை. அருங்காட்சியகமே கைதட்டியது. எனக்கு மட்டும் உறுத்தல். எண்ணெய்ப் பூச்சு வெளிச்சம் படாமல் மூடிக்கிடந்தால் மஞ்சளேறும். நீலத்தில் மஞ்சளேறினால் பச்சைதானே? சில வாரம் பகல் வெளிச்சம் பட்டால் உண்மை நிறம் திரும்பும்.

இயக்குநரிடம் சொன்னேன். பட்டுத் திரைகள் வெளுத்துவிடும் என்று ஜன்னல்களைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருப்பவர். "திறப்பு விழா அழைப்பிதழே பச்சையில அடிச்சாச்சு. அறையோட நிறம் பச்சைன்னு எழுதிக் கையெழுத்தப் போட்டுக் குடும்மா."

இயக்குநர் என்று எழுதுகிறேன். என் அக்காவின் கணவர். வேலை வாங்கித் தந்தவர். நான் தங்கியிருப்பதும் அவர் வீட்டில்தான். முறைத்துக்கொண்டால் வேலையும் போகும், கூரையும் போகும்.

மே 5
கையெழுத்துப் போடவில்லை.

மே 9
அலுவலகத்தில் சார், சாப்பாட்டு மேசையில் அத்தான். "ஒரு கையெழுத்துக்கு என்னமா பிகு பண்றா உன் தங்கச்சி" என்று அக்காவிடம் சொன்னார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

பாத்திரம் கழுவும்போது அக்கா: "உனக்கு எதுக்குடி இந்த வம்பு? பச்சைன்னு போட்டுட்டுப் போயேன். பேச்சு வாங்குறது நான்தானே."

காலையில் அவர் காரில் போகிறேன், சாயங்காலம் அவர் காரிலேயே திரும்புகிறேன். மூச்சு முட்டுது. கத்தணும் போல இருக்கு — எங்க போய்க் கத்துறது? குளியலறைச் சுவரும் அவருடையது.

மே 12
அந்த அறைக்கு அடிக்கப் பச்சை பெயிண்ட் டப்பாக்கள் வந்து மாளிகைக் கூடத்தை அடைத்துவிட்டன. பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

மே 16
அக்கா பீரோவை நகர்த்தச் சொன்னாள். பின்னால் இருந்த வெள்ளைக் கதவில், பீரோ மறைத்த இடம் மட்டும் மஞ்சள். "மட்டமான பெயிண்ட அடிச்சு ஏமாத்திட்டான்" என்று பெயிண்டரைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார் அத்தான். அக்கா சோப்புப் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை.

"விடுக்கா. ஜன்னல் திரைய ஒதுக்கி வை, தானா வெளுக்கும்."

அத்தான் சிரித்தார். "எல்லாத்துக்கும் இவகிட்ட இந்த ஒரே மருந்துதான்."

சிரிங்க.

மே 30
திங்கட்கிழமைதான் கடைசி, இல்லையென்றால் வேறு ஆள் என்றார். போட்டுவிடலாமா? அந்த அம்மாள் எழுந்து வந்து என் அறை நீலம் என்று சொல்லப் போகிறாளா? யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே. பயமாக இருக்கிறது.

மே 31
சாப்பிடும்போது அக்கா திடீரென்று, "கதவப் பாத்தீங்களா?" என்றாள். அத்தான் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"மஞ்சள் போயிடுச்சு. அந்தப் பெயிண்டர அவ்ளோ திட்டினீங்களே, அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

அவரிடம் அவள் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அவர் எச்சில் கையோடு எழுந்துபோய்க் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூன் 1
அலுவலகத்தில் என் மேசைமேல் ஜன்னல் சாவி. திறப்பு விழாவைத் தள்ளிவைத்துவிட்டதாகக் காவலாளி சொல்லித்தான் தெரியும். திரைகளைக் கழற்றிச் சுருட்டிவிட்டு ஜன்னலைத் திறந்தேன். தும்மல் தும்மலாக வந்தது.

சாயங்காலம் கார் எனக்காக நிற்கவில்லை. பஸ்.

ஜூன் 27
நீலம்! பல தடவை துவைத்த சட்டையின் நீலம். நீலம் என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டப்பாக்கள் திரும்பிப் போயின.

வீட்டில் அத்தான் என்னிடம் பேசி நாளாகிறது. உப்பு வேண்டுமென்றாலும் அக்கா வழியாகத்தான். அக்கா மேல்தான் எல்லாம் விழுகிறது.

ஜூலை 3
பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஓர் அறை பார்த்தேன். சின்னதுதான். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டே சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். துணி மடித்துக்கொண்டே, "ஜன்னல் திறக்குமாடி?" என்றாள்.

"திறக்கும்க்கா."

அப்போதுதான் கவனித்தேன், அவள் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தது அவளுடைய துணிகளை.

"ரெண்டு பேருக்கு இடம் இருக்குமா?" என்றாள்.