வண்டியோட்டியின் பங்கு

பெர்த்
4 அக்டோபர் 1987

அன்புள்ள ஸ்ட்ரூவன்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடாததற்குக் கோபம்தான் காரணம், வேறொன்றுமில்லை. இருபத்தொன்பதாம் நம்பர் குப்பியைக் குடித்துப் பார்த்து, "கடற்கரைச் சரக்கு, தார் வாடை, நாக்கில் உப்பு" என்று எழுதியிருக்கிறாய். அட மகானுபாவா, அது கிளென்ஃபார்க்லஸ் விஸ்கி! பதினைந்து வருஷம் ஷெரி ஒயின் பீப்பாயில் கிடந்தது. மூடியைத் திறந்தாலே உலர்திராட்சையும் கிறிஸ்துமஸ் கேக்கும் வீடு முழுக்க மணக்கும். அதில் நீ தாரைக் கண்டுபிடித்ததற்கு ஒரு பதக்கமே கொடுக்கலாம்.

இந்த விளையாட்டை ஆரம்பித்தது நீதான், ஞாபகம் வைத்துக்கொள். நான் மருந்துக்கடையை மூடியபோது, "குப்பியெல்லாம் மிச்சம் கிடக்குமே உனா, ஒவ்வொண்ணுலயும் ஒரு விஸ்கிய ஊத்தி நம்பர் மட்டும் ஒட்டி அனுப்பு, பேரை நான் சொல்றேன்" என்று மார்தட்டினாய். முதல் இரண்டைச் சரியாகச் சொன்னாய். அப்புறம் ஒன்றுகூடத் தேறவில்லை.

போன ஞாயிறு கிளாஸ்கோவிலிருந்து என் அண்ணன் மகன் வந்தான். எனக்குப் பிரியமான கிளைனலிஷை எடுத்து ஊற்றினேன். அணைத்த மெழுகுவர்த்தி வாசனையும் அதன் பின்னால் தேனும் வருமே, அதைப் பற்றி நான் சொல்லி முடிப்பதற்குள், "அத்தை, கோக் இருக்கா?" என்றான். கிளாஸைப் பிடுங்கிக்கொண்டு அவனுக்கு வெறும் கோக் கொடுத்து அனுப்பினேன்.

என் லாக்லன் இருந்திருந்தால் உன் மூக்கை வைத்து ஒரு மாதம் சிரித்திருப்பார். அவர் போய் வரும் பிப்ரவரியோடு ஒன்பது வருஷம். பக்கத்து வீட்டு டல்லாக்கின் கார் தினமும் காலை எட்டு மணிக்குக் கிளம்ப மறுத்து இருமும். அந்தச் சத்தம் கேட்டால் நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன். தண்ணீர்ச் சத்தத்தில் அது கேட்காது. "பாட்டரிய மாத்து, பாட்டரிய மாத்து" என்று லாக்லன் மூன்று வாரம் சொன்னார். வண்டி என்னுடையது, நான்தான் நாளைக்கு நாளைக்கு என்றேன். அன்று அது கிளம்பியிருந்தால் கடல் வடிந்திருக்கும்போதே மணல்வழியைப் பத்து நிமிடத்தில் தாண்டி இருவரும் வீட்டுக்கு வந்திருப்பீர்கள். அவர் நடக்க வேண்டியதாயிற்று, பாதி வழியில் கடல் ஏறிவிட்டது. நீயாவது மறுநாளே புதுப் பாட்டரி வாங்கி மாட்டினாய். எனக்கு அந்தப் புத்தி மூன்று வாரம் முன்னால் வரவில்லை.

சரி, முப்பதாம் நம்பர் இதோடு வருகிறது. ஒழுங்காக மோந்து பார்.

உன் அன்பு
உனா


ஆர்ட்வீ துறை
19 அக்டோபர் 1987

அன்புள்ள உனா,

திட்டு கிடைத்தது. வயதான மூக்கு, கொஞ்சம் இரக்கம் காட்டு.

முப்பதுக்கு என் தீர்ப்பு: முதலில் விறகுப் புகை, பின்னால் மிளகுக் காரம், விழுங்கிய பிறகு நெடுநேரம் உப்பு. டாலிஸ்கர் என்று சொல்வேன். தண்ணீர் விடவில்லை. நீ ஒரு கரண்டி விட்டால்தான் மணம் விரியும் என்பாய், நான் அது சரக்கைக் குளிப்பாட்டுவது என்பேன். இந்தச் சண்டை முப்பது வருஷமாக நடக்கிறது, இன்னும் ஓடட்டும்.

நம் புதிய போதகர் போன வாரம் வந்தார். அலமாரியில் உன் குப்பிகளைப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு என்ன மிஸ்டர் பெட்ரி, இத்தனை மருந்தா?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். "அப்படின்னா ஒரே ஒரு சொட்டு" என்றார். அவருக்கு வேறு போத்தலிலிருந்து ஊற்றினேன். அந்த ஒரு சொட்டு நாலு தடவை விழுந்தது. போகும்போது குடையை மறந்துவிட்டுப் போனார்.

என் ஜன்னலைத்தான் உனக்குத் தெரியுமே, மணல்வழி முழுக்கத் தெரியும். தண்ணீர் வடிந்ததும் ஓர் ஆள் கழுத்துப்பட்டையைத் தூக்கி விட்டுக்கொண்டு அதில் நடந்து போகிறார். சிப்பி பொறுக்கும் டூகல்தான். பெயரும் தெரியும், அவர் பூட்ஸும் தெரியும். ஆனாலும் அவர் அக்கரையில் ஏறும்வரை என்னால் அங்கிருந்து நகர முடிவதில்லை. அடுப்பில் சூப் இரண்டு தடவை தீய்ந்துவிட்டது. சில நாள் அவர் ஏறிய பிறகும் மணலில் இன்னொருவர் நிற்பதாகத் தோன்றுகிறது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார்.

பாட்டரியை விடு உனா. எத்தனை தடவை சொல்கிறேன், விடு.

அன்புடன்
ஸ்ட்ரூவன்


பெர்த்
2 நவம்பர் 1987

அன்புள்ள ஸ்ட்ரூவன்,

இந்தத் தடவை கேலி செய்ய மனம் வரவில்லை. முப்பதாம் நம்பர் ரோஸ்பேங்க். புகை அதன் பக்கத்தில்கூடப் போனதில்லை. எலுமிச்சைத் தோலும் வெள்ளைப் பூக்களும்தான் அதில் உண்டு, குழந்தைக்குக்கூடத் தெரியும். நீ டாலிஸ்கர் என்கிறாய்.

உடம்பு நன்றாக இருக்கிறதா? உண்மையைச் சொல். என் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் முதலில் போனது மூக்குதான். வெங்காயம் கருகுவது தெரியாமல் உட்கார்ந்திருப்பார். அதன் பிறகுதான் எங்கள் பெயர்கள் போயின. மருந்துக்கடைக்காரி பயப்படுகிறாள் என்று சிரிக்காதே. லாக்லனைப் பற்றிப் பேச எனக்கு இந்த உலகத்தில் மிச்சமிருப்பது நீ ஒருத்தன்தான். நீயும் மறக்க ஆரம்பித்தால் நான் யாரிடம் போவேன்?

முப்பத்தொன்றை அனுப்புகிறேன். அவசரப்படாதே. வெளிச்சத்தில் பார், கிளாஸில் ஊற்றி அரை மணி நேரம் வை, பிறகு குடி. தோன்றுவதை அப்படியே எழுது.

உன் அன்பு
உனா


ஆர்ட்வீ துறை
15 நவம்பர் 1987

அன்புள்ள உனா,

என் மூளையைப் பற்றிக் கவலை வேண்டாம். நேற்றுகூடப் படகுத்துறையில் சீட்டாட்டத்தில் இரண்டு பேரைத் தோற்கடித்தேன்.

முப்பத்தொன்றை நீ சொன்னபடியே செய்தேன். அரை மணி நேரம் வைத்தேன். நிறம் பழைய தங்கம். மூக்குக்கு முதலில் கடல் காற்று, பிறகு தேங்காய், கொஞ்சம் ஈரத் தோல். வாயில் எண்ணெய்ப் பசை, காரம் தொண்டையில் இறங்கி நெஞ்சில் நின்று சூடேற்றியது. நீ இதுவரை அனுப்பியதிலேயே இதுதான் உத்தமம். ஸ்பிரிங்பேங்க், பன்னிரண்டு வருஷத்துக்குக் குறையாது. வீட்டை அடகு வைத்துச் சொல்வேன்.

இப்போது மன நிம்மதியா?

அன்புடன்
ஸ்ட்ரூவன்


பெர்த்
20 நவம்பர் 1987

ஸ்ட்ரூவன்,

முப்பத்தொன்று டீ. பாலும் சர்க்கரையும் இல்லாத டீயை ஆறவைத்து, வடிகட்டி ஊற்றினேன். கெட்டிலிலிருந்து என் கையால்.

உன் மூக்கு போய்விட்டதா என்று பார்க்கத்தான் செய்தேன். மூக்கே இல்லாதவனுக்கும் டீ நெஞ்சில் சூடேற்றாது. நீ குப்பியைத் திறக்கவே இல்லை. எத்தனையைத் திறக்கவில்லை? இருபத்தொன்பதையா, முப்பதையா, எல்லாவற்றையுமா?

ஒவ்வொரு ஊற்றலுக்கும் நான் எவ்வளவு யோசித்தேன் தெரியுமா? கடையில் நின்று, இது ஸ்ட்ரூவனுக்குப் பிடிக்குமா, லாக்லன் இருந்தால் என்ன சொல்வார் என்று பார்த்துப் பார்த்து வாங்கினேன். நீ எதையோ பார்த்துக் காப்பியடித்து எழுதி என்னை ஏமாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாய். குடிப்பதை நிறுத்திவிட்டாய் என்றால் அதைச் சொல்வதில் என்ன கேவலம்? ஊறுகாய் அனுப்பியிருப்பேனே.

ஏன் என்று சொல். சுற்றி வளைக்காமல் சொல்.

உனா


ஆர்ட்வீ துறை
6 டிசம்பர் 1987

உனா,

இரண்டு வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இதைக் கிழிப்பதற்கு முன் ஓடிப் போய்த் தபால்பெட்டியில் போட்டுவிடுவேன்.

முப்பத்தொரு குப்பிகளும் திறக்காமல்தான் இருக்கின்றன. நம்பர் தெரியாதபடி சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன். உனக்கு எழுதியதெல்லாம் என் பழைய குறிப்பேட்டில் இருந்தவை. முதல் இரண்டு தற்செயலாகப் பொருந்திவிட்டன. அந்த பிப்ரவரிக்குப் பிறகு நான் ஒரு சொட்டுக் குடித்ததில்லை.

விஸ்கி வடிசாலைக்குப் போகும்போது லாக்லனும் நானும் வைத்திருந்த விதி உனக்குத் தெரியும். வண்டி ஓட்டுகிறவன் தொடக்கூடாது, அவன் பங்கைச் சின்னக் குப்பியில் அடைத்து வீட்டுக்கு எடுத்துப்போய்க் குடிக்கலாம். அன்று என் முறை. வடிசாலையில் மேலாளர் முப்பது வருஷப் பீப்பாய் ஒன்றைத் திறந்தார். நான் குப்பியை நீட்டினேன். "இதக் குப்பியில அடைச்சா செத்துப்போயிரும் ஸ்ட்ரூவன், இங்கயே குடி" என்றார். குடித்தேன். ஒன்றோடு நிற்கவில்லை, மூன்று.

வெளியே வந்து சாவியைப் போட்டேன். வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது உனா. உன் பாட்டரியில் ஒரு குறையும் இல்லை. நான்தான் அணைத்தேன். இருட்டப் போகிற நேரம், ஈர மணல். "குடிச்சிட்டேன்டா, ஓட்ட மாட்டேன்" என்று லாக்லனிடம் சொன்னேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "எத்தனை?" என்றான்.

"மூணு."

"நல்லாயிருந்துச்சா?"

"நல்லாயிருந்துச்சு."

விழுந்து விழுந்து சிரித்தான். "சரி, நீ போய்ப் படு. நான் நடந்து போயிடறேன். அவ தனியா இருப்பா" என்றான். கடிகாரத்தைப் பார்த்து, கடல் ஏற இன்னும் நேரம் இருக்கிறது என்றான். அவனும் குடித்திருந்தான், கணக்குத் தப்பியிருக்க வேண்டும். என் வீட்டிலேயே படுத்துக்கொள் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். விதியை மீறிய வெட்கத்தில் அவன் சீக்கிரம் என் கண்ணைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது. கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி, "உனாகிட்ட நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்லு. திட்டு பூரா உனக்குத்தான்" என்றான். அதுதான் கடைசி.

காலையில் நீ போன் செய்து ஏன் வண்டியில் வரவில்லை என்று கேட்டாய். பாட்டரி என்று வாயில் வந்துவிட்டது. போலீஸ்காரரிடமும் அதையே சொன்னேன். பிறகு அந்த நல்ல பாட்டரியைக் கழற்றித் துறையிலிருந்து கடலில் போட்டேன். புதியதை மாட்டியதற்கு நீ என் கையைப் பிடித்து நன்றி சொன்னாய். அடக்கத்தின்போது, "என்னைத் திட்டினாரா?" என்று கேட்டாய். பாட்டரி என்று சொல்லிவிட்டவன், "கொஞ்சம்" என்றும் சொன்னேன். அது பச்சைப் பொய். அவன் திட்டவே இல்லை.

எழுதுவதை நீ நிறுத்திவிடுவாயே என்ற பயத்தில்தான் குப்பி விளையாட்டு. வேறு சாக்கு இல்லை.

ஸ்ட்ரூவன்


பெர்த்
14 டிசம்பர் 1987

ஸ்ட்ரூவன்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை சத்தமாகப் படித்தேன், இந்த வீட்டில் கேட்க யாரும் இல்லாவிட்டாலும்.

நீ குடித்ததை நான் அன்றைக்கே மன்னித்திருப்பேன். முப்பது வருஷப் பீப்பாயைத் திறந்து கொடுத்தால் நானும்தான் கிளாஸை நீட்டியிருப்பேன். குடித்துவிட்டு ஓட்ட மாட்டேன் என்றாயே, அது சரியான காரியம். அவர் கணக்குத் தப்பியதற்கும் கடல் ஏறியதற்கும் உன்னைப் பொறுப்பாக்க மாட்டேன்.

ஆனால் அவருடைய அம்மா தேவாலய வாசலில் ஊரைக் கூட்டி வைத்து, "ஒரு பாட்டரி மாத்தச் சோம்பப்பட்டு எம்புள்ளயக் கொன்னுட்டா" என்றபோது நீ என் பக்கத்தில் நின்றாய். என் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தாய். நான் தலை குனிந்து, ஆமாம் என்றேன். அந்தம்மா சாகும்வரை என் முகத்தில் விழிக்கவில்லை. அதனால்தான் நான் வீட்டையும் அவர் கல்லறையையும் விட்டுவிட்டு இந்த ஊருக்கு வந்தேன். பெட்டிகளைப் படகில் ஏற்றிக் கொடுத்தது நீ. அன்று வாயைத் திறந்திருந்தால் நான் படகிலிருந்து இறங்கியிருப்பேன்.

அவர் என்னைத் திட்டிக்கொண்டே செத்தார் என்று நினைத்து ஒன்பது வருஷமாக அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "அவ தனியா இருப்பா" என்று அவர் சொன்னது எனக்காகச் சொன்னது. அதை நீ வைத்துக்கொண்டாய்.

அவர் உன்னிடம் விட்டுப்போனது ஒரே ஒரு வேலை. திட்டு வாங்க இவ்வளவு பயமா உனக்கு?

இனி எழுதாதே. உன்னை மன்னிக்க முடிகிற நாள் வந்தால் நானே எழுதுகிறேன். எனக்கு அறுபத்தெட்டு வயதாகிறது, அந்த நாள் வர எனக்குக் காலம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

உனா மக்ஃபெட்ரன்