நிரோஷாவின் காரும் என் வீட்டுக்காரரும்

ஓகஸ்ட் 18, திங்கள்

கச்சான் காற்று. விடியவே வெக்கை. காயப்போட்ட உடுப்பெல்லாம் புழுதி.

வீட்டோடு இவர் நடத்தும் கராஜுக்கு ஒரு கார் வந்திருக்கிறது. பழையது, நீல நிறம். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் அலுவலகத்தில் வேலை செய்யும் பெண்ணுடையது. பெயர் நிரோஷா. முப்பது வயது இருக்கும். கட்டை முடி. அப்பாவின் காராம். அவர் காலமான பிறகு காரை இவள் ஓடுகிறாளாம். சில நாளாகப் பின்பக்கம் கடகடவென்று சத்தம்.

தேத்தண்ணீர் கொண்டுபோனேன். இவர் காருக்குக் கீழே. அவளும் குந்தியிருந்து எட்டிப் பார்க்கிறாள்.

“இது என்ன அண்ணா, பெல்ட் மாதிரி?”

“பெற்றோல் டாங்கியத் தாங்கிற பட்டி. இரண்டு இருக்கு. இதைப் பாருங்கோ, இரும்பெல்லாம் கறள் திண்டு கடதாசி மாதிரிப் போச்சு. இது அறுந்தா டாங்கி றோட்டிலதான்.”

“கடல் காத்தாலயோ?”

“காத்து மட்டுமில்லை. பட்டிக்கும் டாங்கிக்கும் நடுவில ஒரு றப்பர் இருக்கு. அதுக்குள்ள தண்ணி நிண்டா வெளியில தெரியாது. உள்ளுக்குள்ளயே திண்டுகொண்டு போகும்.”

இவர் இவ்வளவு நீளமாகக் கதைத்துக் கேட்டு எவ்வளவு காலம்! மகள் மட்டக்களப்புக்குப் படிக்கப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குக் கிடைப்பது ‘ஓம்’, ‘வேண்டாம்’, ‘உப்புக் குறைவு’.

தேத்தண்ணீரை வாங்கி அவளிடம் நீட்டினார். அவருக்கென்று இஞ்சி போட்டது.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

தேங்காய், பருப்பு, சவுக்காரம் வாங்க வேண்டும்.

பட்டி தேடி இவர் கந்தளாய்க்குப் போய் வந்தார். பழைய வாகனங்களைக் கழற்றி விற்கும் இடம். கிடைத்தது நீளம் கூடவாம், சரிவராதாம். எனக்குச் சொன்னதல்ல. அவளுக்குப் போனில் சொன்னது, குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்று கேட்டேன்.

“அளவெடுத்துப் புதுசா ஒண்டு செய்விப்பம். நீங்கள் யோசிக்காதேங்கோ.”

இங்கே ஒருத்தி யோசித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஆறுதல் இல்லை.

ஓகஸ்ட் 20, புதன்

வேலை முடிந்து நேரே கராஜுக்கு வந்துவிட்டாள். கையில் ஐஸ் கோப்பி. எனக்கும் சேர்த்துத்தான். தலையிடி என்று சொல்லிக் குடிக்கவில்லை. அவள் போன பிறகு எடுத்துக் குடித்தேன். நன்றாக இருந்தது. அதற்கும் கோபம் வந்தது.

இனிப்பு ஒத்துவராது என்பவர் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

நட்டுக்கு ஏன் எண்ணெய் விட்டு ஊறவிடுகிறார், டாங்கிக்குப் பக்கத்தில் ஏன் வெல்டிங் செய்யக்கூடாது என்றெல்லாம் அவள் கேட்கக் கேட்க இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நடுவில் என்னவோ சொல்லி இரண்டு பேருக்கும் சிரிப்பு. பக்கத்து வீட்டு மலர் அக்கா மதிலுக்கு மேலால் தலையை நீட்டினா.

“என்ன ராணி, உங்கட கராஜில சிரிப்புச் சத்தமெல்லாம் கேக்குது?”

“ரேடியோ” என்றேன்.

அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள். தப்பான ஒரு பார்வை இல்லை. இருந்தால் சண்டை பிடிக்கலாம். இதற்கு என்ன சொல்லிச் சண்டை பிடிப்பது? அவளோடு கதைக்காதீர்கள் என்றா, என்னோடும் கதையுங்கள் என்றா? இரண்டாவதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது.

ஓகஸ்ட் 21, வியாழன்

காலையில் இவர் குளிக்கும்போது போன் அடித்தது. அவள்.

“அக்கா, அண்ணா இண்டைக்கோ பட்டி போடுறார்? அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு வரட்டோ? பாக்க ஆசையா இருக்கு.”

“இல்லை, நாளைக்குத்தானாம்” என்றேன். வாய் தானாகப் பொய் சொன்னது. “வெள்ளி பின்னேரம் வாங்கோ.”

இவரிடம் மூச்சு விடவில்லை.

பின்னேரம்

புதுப் பட்டி வந்தது. கறுப்புப் பெயின்ற் அடித்து, பார்க்க வடிவாக. இவர் றோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவளைத்தான் தேடுகிறார். பிறகு குசினி வாசலுக்கு வந்தார்.

“ராணி, ஒருக்கா வாரும். ஒரு கை வேணும்.”

சாக்கை விரித்துக் காருக்குப் பக்கத்தில் இருந்தேன். பெற்றோலை முன்னமே வடித்திருந்தார். டாங்கிக்குக் கீழே பலகை, பலகைக்குக் கீழே கார் உயர்த்தும் ஜக். இவர் மல்லாக்கப் படுத்தபடி சொல்லச் சொல்ல, ஜக்கை உயர்த்தினேன்.

“கொஞ்சம். இன்னும் கொஞ்சம். நில்லும்.”

போல்ட் ஏறவில்லை. பலகை வழுக்கி டாங்கி ஒரு பக்கம் சரிந்தது. யோசிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன்.

“கையை எடும்! கையை எடும், ராணி!”

அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. டாங்கியைத் தோளால் தாங்கிக்கொண்டு என் விரல்களைத்தான் முதலில் பார்த்தார். தோல் மட்டும் உரஞ்சியிருந்தது. பலகையைத் திரும்ப வைத்து, மெல்ல உயர்த்தி, பட்டியைப் பூட்டினோம்.

முடிந்ததும் கேட்டேன்: “அந்த றப்பருக்குள்ளதானே தண்ணி நிண்டது? பிறகேன் திரும்பவும் றப்பர் போட்டனீங்கள்?”

கை துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “இது உமக்கு எப்பிடித் தெரியும்?”

“காது இருக்குத்தானே.”

சொல்லத் தொடங்கினார். றப்பர் இல்லாவிட்டால் இரும்பும் இரும்பும் உரசி டாங்கியே ஓட்டையாகுமாம். அதிலிருந்து உப்புக் காற்றுக்குப் போனார், அதிலிருந்து வேறு எந்தெந்த வாகனத்துக்கோ போனார். விளக்கு வைக்கும் நேரமாகியும் நிற்கவில்லை. பாதி விளங்கவில்லை. அலுப்பாகவும் இருந்தது. எழும்ப மனமில்லை.

ஓகஸ்ட் 22, வெள்ளி

பின்னேரம் வந்தாள். கார் ஆயத்தமாக நிற்பதைக் கண்டு முகம் வாடிவிட்டது.

“அண்ணா, முடிச்சிட்டீங்களோ? அக்கா இண்டைக்கு எண்டுதானே சொன்னவ?”

இவர் என்னைப் பார்த்தார். எனக்கு முகம் சுட்டது.

“நான்தான் ராணிக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன்” என்றார்.

போகுமுன் என்னிடம் வந்தாள். புருஷன் கப்பலில் வேலையாம். கப்பல் எங்காவது துறைமுகம் பிடித்தால்தான் போன் வருமாம். “வீட்டில கதைக்க ஒரு ஆள் இல்லை அக்கா. அதுதான் கண்டதையும் கேட்டு அண்ணாவுக்குக் கரைச்சல் குடுத்தனான்.”

“கரைச்சல் ஒண்டுமில்லை” என்றேன். ஒருநாள் சாப்பிட வாங்கோ என்று சொல்ல நினைத்தேன். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அவ்வளவு நல்ல மனம் எனக்கு இன்னும் வரவில்லை.

கார் போனது. சத்தமே இல்லை. இவர் பைப்படியில் கை கழுவினார்.

“நானோ உமக்கு வெள்ளி எண்டு சொன்னது?”

“இல்லை.”

சவுக்காரத்தை வைத்துவிட்டு அங்கேயே நின்றார். சிரிக்கிறாரா என்று முதுகைப் பார்த்துத் தெரியவில்லை.

“நாளைக்கு ஒரு லொறி வருது. கிளச் இறக்கவேணும். நேரமிருந்தா வாறீரோ?”

“அப்ப ஆர் சமைக்கிறது?”

“கடையில எடுப்பம்.”

பழைய சட்டை ஒன்று எடுத்து வைத்தேன். பிறகு, சும்மா கேட்பதுபோல, லொறி ஓடுவது ஆர் என்று கேட்டேன்.

ஈச்சிலம்பற்று ஆளாம். பெரிய மீசையாம்.

சரி என்றேன்.