கைப்பையில் வந்த இஞ்சி

இன்று காலை அரிசி களையும்போது தனியாகச் சிரித்தேன். அந்த ஜப்பான் கிண்ணம்தான் காரணம். உன் வீட்டுக்காரர் போன மாதம் கொண்டுவந்து தந்தார். "உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னவ" என்றார். கிண்ணத்தின் ஒரு பக்கம் சாய்வு, அதில் சின்னச் சின்னத் துளைகள். சரித்தால் தண்ணீர் மட்டும் போகிறது, ஓர் அரிசிகூட விழுவதில்லை. குறுக்கே கை வைத்துத் தடுக்க வேண்டியதில்லை. ஒரு கை போதும்.

உனக்கு அந்த ஒரு கைதான் மிஞ்சியிருந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு உன் வலது கை மடியில் சும்மா கிடந்தது. சிட்னியில், டூங்கபியில் நமக்கு அடுத்தடுத்த வீடு. நீ யாழ்ப்பாணம், நான் மதுரை. நாற்பது வயதுக்கு மேல் வாய்த்த சிநேகிதம். நான்கு மாதமாக உன் வீட்டுக்காரர்தான் சமைத்தார். தினமும் குழைந்த சோறு, உப்பு மறந்த பருப்பு. உன்னை அடுப்புப் பக்கமே விடவில்லை. அதற்கு நானும் உடந்தை. நர்ஸ் என்ற மிதப்பில், "கத்தி, அடுப்பு எதுவும் வேண்டாம், ரெஸ்ட் எடு" என்று சொன்னவள் நான்தான். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். களைப்பு என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை, "ஸ்ட்ராத்ஃபீல்டுக்குக் கூட்டிக்கொண்டு போறியா?" என்றாய். பிசியோதெரபிக்குப் போகும் வழியில் ஜப்பான் சமையல் சாமான் கடை ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாய். நான் அறிவுரை சொல்ல வாயெடுத்ததும் வெட்டினாய். "நர்ஸ் வேலையை ஆஸ்பத்திரியிலை வச்சிட்டு வா. எனக்கு இப்ப ட்ரைவர்தான் வேணும்."

கடையில் ஒரு பீங்கான் துருவியின் முன் நின்றாய். சின்னத் தட்டுப் போல, நடுவில் பல் பல்லாக, அடியில் ரப்பர் வளையம். விரலால் தள்ளினாய். நகரவில்லை. உடனே கைப்பையைத் திறந்து, டிஷ்யூவில் சுற்றிய இஞ்சித் துண்டை எடுத்தாயே! கடைக்காரப் பெண் ஓடி வந்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "எனக்கு ஒரு கைதான். செய்து பார்க்காமல் எப்படி வாங்குவது?" என்று ஆங்கிலத்தில் அவளிடம் கேட்டாய். அவள் உன் வலது கையைப் பார்த்தாள். உள்ளே போய் ஓர் ஈரத்துணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

நீ தேய்த்தாய். துருவி அசையவில்லை. கடை முழுக்க இஞ்சி வாசம். அந்தப் பெண் கைதட்டினாள். பிறகு அவளாகவே இந்தக் கிண்ணத்தையும், கீழே வைத்தால் நுனி மேசையில் படாத ஓர் இடுக்கியையும் எடுத்து வந்து காட்டினாள். மூன்றையும் வாங்கினாய்.

மறுநாள் என்னையும் உன் வீட்டுக்காரரையும் சமையலறைக்கு வெளியே உட்கார வைத்தாய். "கூப்பிட்டால்தான் குசினிக்குள்ள வரவேணும்." உள்ளே ஏதோ விழுந்தது. நான் எழுந்தேன். "இரு!" என்று உள்ளிருந்தே கத்தினாய். இருபது வருட வேலையில் அப்படிச் சும்மா உட்கார்ந்திருந்தது போல் கஷ்டமானது எனக்கு எதுவும் இருந்ததில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துச் சோறு, தேங்காய்ப்பால் சொதி, இஞ்சி தடவிப் பொரித்த மீன். மீன் ஒரு பக்கம் கருகியிருந்தது. உன் வீட்டுக்காரர் மூன்றாம் தரம் சோறு போட்டுக்கொண்டார்.

"இவ்வளவு நாளும் நான் சமைச்சதை எப்பிடியப்பா சாப்பிட்டனீர்?"

"கண்ணை மூடிக்கொண்டு."

அன்று சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறியது. அதற்குப் பிறகு மூன்று வருடம் நீதான் சமைத்தாய். போன வருடம் பக்கவாதம் இரண்டாவது முறை வந்தபோது உன்னை எங்களால் மீட்க முடியவில்லை.

முன்பெல்லாம் வீட்டுக்குப் போகும் நோயாளிகளிடம் "யார் சமைத்துத் தருவார்கள்?" என்று கேட்டு எழுதிக்கொள்வேன். இப்போது "என்ன சமைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்கிறேன். போன வாரம் ஒரு கிரேக்கப் பெரியவர். வந்த நாளிலிருந்து யாரோடும் பேசாதவர். இதைக் கேட்டதும் தலையை நிமிர்த்தி, கத்தரிக்காயில் ஆரம்பித்து ஆட்டிறைச்சிக்குப் போய்விட்டார். என் ஷிஃப்ட் முடிந்திருந்தது. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.