நான்காம் நாள் ஆட்டத்துக்குச் சூளுரை தளர்த்த வேண்டி

ஏழு ஏரிக்கும் ஒரு குடை நிழல் தரும் மருதங்கோட்டு அரசி நங்கை வேண்மாள் திருமுன்பு, முள்ளியாற்று எல்லையில் தங்கிய தூதன் நெடுங்கிள்ளான் பணிந்து வரைந்த ஓலை. தங்கள் களஞ்சியம் குறையாதிருக்க. தங்கள் குடிகள் அடுப்பு அவியாதிருக்க.

மதகு நீரைப் பங்கிட, நம் பொதியனும் குன்றத்தார் ஆள் சாத்தந்தையும் மூடுகை ஆடுவதைத் தாங்கள் அறிவீர்கள். பானையிலிருந்து மும்மூன்று காய் எடுத்து மறைத்துக்கொள்ள, வெண்காய் மிகுந்தவன் வெல்வான். ஒருவன் பந்தயத்தை உயர்த்தினால், மற்றவன் ஒதுங்கி ஒரு நாள் நீரை விடலாம். திற என்று கேட்டால் மூன்று நாள் நீர் வரும், அல்லது போகும்.

சென்ற ஆண்டு ஆடியவன் ஆத்திரத்தில் எல்லாவற்றுக்கும் திற என்று கேட்டுக் கெடுத்தபடியால், இரண்டு வெண்காய் இன்றிக் கேளேன் என்று பொதியன் தங்கள் திருமுன் சூளுரைத்தான். திருமுன் உரைத்த சூளைச் சந்தைதோறும் பறையறைவது நம் வழக்கம், அறைந்தோம். உப்பு விற்க வந்த குன்றத்தாருக்கும் காது உண்டென்று ஒருவரும் நினைக்கவில்லை, இத்தூதன் உட்பட.

மூன்று நாளில் நம் பங்கு இருபதில் பதினான்கு போயிற்று. கதிர் பால் பிடிக்கும் பருவம். எஞ்சிய ஆறு நாள் நீர் எந்த மூலைக்கு? மாலைதோறும் நடுவர், அன்று இருவரும் மறைத்த காய்களை எல்லாம் விரித்துக் காட்டுவர். முதல் நாள் சாத்தந்தை உயர்த்திய ஏழில், வெண்காயே இல்லாத வெறுங்கை ஒன்று. இன்று ஏழில் ஐந்து. அதைக் கண்ட பொதியனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் கூறியதாவது: நாளை ஒற்றை வெண்காய்க்கே திற என்று கேட்க வேண்டும், சாத்தந்தை சுதாரித்து நல்ல கைக்கு மட்டும் உயர்த்தத் தொடங்கினால் மீண்டும் ஒதுங்க வேண்டும், அவன் போக்கைப் பார்த்து நம் போக்கை மாற்றாமல் நட்ட கல்லாக நிற்பது பயிரைக் கொல்வதாகும், ஆயினும் அரசியார் விடையின்றித் தன் நாக்கு எழாது.

தூதனுக்கோ ஓர் ஐயம். இன்று வெறுங்கை காட்டியதே நாளைக்கு விரித்த வலையாயிருந்தால்? இருமுறை கேட்டுத் தோற்றால் ஆறு நாளும் போகும். கேளாமல் ஒதுங்கினாலும் நாளை மாலைக்குள் போகும். எப்படி எண்ணிப் பார்த்தும் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை.

ஆகவே அச்சூளுரையை நாளைக் காலை முதல் தளர்ந்ததாகக் கொண்டருள்க, இதையேனும் பறையறையாதிருக்க.

இவ்வோலை தங்களை அடைய நாளை நண்பகலாகும். ஆட்டமோ காலையில் தொடங்கும். ஆகையால், முன்பே எழுதிக் கேட்டதாகவும், தங்கள் விடை வந்துவிட்டதாகவும் பொதியனிடம் தூதன் பொய் உரைத்தாயிற்று. அவன் கோட்டை இருக்கும் திசை நோக்கிக் கும்பிட்டுவிட்டு, இரண்டு பிடி உண்டான். அவன் ஏதும் அறியான். தண்டம் அவனைத் தொட வேண்டாம்.

இது தூதன் மோதிரம் பதித்தது. கொணரும் குதிரைவீரன் அரசியார் திருக்கையிலன்றிப் பிறர் கையில் கொடாதிருக்கக் கடவன். மறுவிடையாக வாளே வரினும், நெடுங்கிள்ளான் ஆற்றங்கரையை விட்டு அகலான்.