வெங்காயம் இறங்கிய துறைமுகம்

மச்சான்,

காலையில் வகுப்புக்குப் போகும் வழியில் மேல வீதி டீக்கடையில் நின்றேன். டிவியில் ஏதோ ஒரு நாட்டின் அதிகாரி, தற்காப்புக்காகவே தாக்கினோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சட்ட மாணவர்களுக்கு இத்தனை வருடமாக நான் நடத்தும் பாடத்தில் வரும் சொல்தான். இப்போதெல்லாம் அதைக் கேட்டால் டீ இறங்குவதில்லை.

வளைகுடாத் துறைமுகத்தில் நீ கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தபோது விழுந்த ஏவுகணைக்கும் இந்தக் காரணத்தைத்தான் சொன்னார்கள். கீழே நின்று கொக்கி மாட்டிக்கொண்டிருந்த ரஹீம் அங்கேயே போய்விட்டான். நீ வலது காதையும் பாதி மூச்சையும் அங்கே விட்டுவிட்டுக் கடலூர் முதுநகருக்குத் திரும்பினாய்.

உன்னைப் பார்க்க வந்த அன்று, ஆறுதல் சொல்லத் தெரியாமல் சட்டம் சொன்னேன். தாக்கப்பட்ட நாடு திருப்பி அடிக்கலாம், ஆனால் வேறு வழியில்லாதபோது மட்டும், தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும், அடித்ததை ஐ.நா. பாதுகாப்பு அவைக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம். இடது காதைத் திருப்பிக்கொண்டு பொறுமையாகக் கேட்டாய்.

"அவுங்களும் தற்காப்புன்றாங்க, இவுங்களும் தற்காப்புன்றாங்க. அப்ப மொதல்ல அடிச்சது யாரு மச்சான்?"

அதைச் சொல்ல வேண்டிய அவையில் ஒரு வல்லரசு மறுத்தாலே எல்லாம் நின்றுவிடும் என்றேன். நீ சிரித்தாய். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஒருநாள் நான் கூப்பிட்டதற்காகச் சிதம்பரம் வந்து என் வகுப்பில் உட்கார்ந்தாய். அந்தத் துறைமுகத்தில் ஆயுதம் இறங்கியிருந்தால் தாக்கியது சரிதானே என்று ஒரு மாணவி கேட்டாள். கேள்வியில் தப்பில்லை, நான் கற்றுக்கொடுத்ததுதான்.

"வெங்காயம்மா," என்றாய். "அன்னிக்கி வெங்காயந்தான் எறக்கிட்டிருந்தோம்."



திரும்பிப் போக பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாய். "பாடத்த நடத்து. ஆனா ரஹீம் பேரையும் சொல்லு. அவன் பேர யாரும் எங்கயும் சொல்லல."

போன மழைக்காலத்தில் நீயும் போனாய். நுரையீரல் நோய் என்று எழுதிக் கொடுத்தார்கள். சண்டை போட்ட அந்த இரண்டு நாடுகளும் சமாதானமாகிவிட்டன. யார் செய்தது தவறு என்று எவரும் சொல்லவில்லை. இனி கேட்கவும் ஆளில்லை.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். இன்றைக்கு அந்தப் பாடம்தான். முடித்துவிட்டு ரஹீமின் பெயரைச் சொன்னேன். இனி இந்தப் பாடத்தில் இரண்டு பெயர். உன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. பிள்ளைகள் காத்திருந்தார்கள். திரும்பிக் கரும்பலகையில் எழுதினேன். மணியடித்து எல்லோரும் போன பிறகும் அழிக்க மனம் வரவில்லை. அடுத்த வகுப்புக்கு வருகிறவர் அழித்துக்கொள்ளட்டும்.